கில்கென்னிக்குப் போகாத குக்கர்

1

இந்தக் கதை ஒரு ரைஸ் குக்கரிலிருந்து வந்தது. உருவகம், குறியீடு என்று எதையும் தேடாதீர்கள். நிஜக் குக்கர். வெள்ளை நிறம், கண்ணாடி மூடி, ஒரு பக்கக் கைப்பிடி லேசாக உருகியிருக்கும். இப்போது நான் எழுதுகிற மேசையில், என் கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. கதை எழுதுகிறவர்கள் ஜன்னலோரம் பூச்சாடி வைத்துக்கொள்வார்கள் என்று கேள்வி. எனக்கு வாய்த்தது இது.

என் பெயர் பிரான்சி. ஒரு பெண்கள் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு அடுக்குமாடியில் இரண்டாவது மாடி. கட்டடத்தில் எல்லோருக்கும் நான் 'மிஸ்'தான். எதிர் ஃப்ளாட்டில் வேணியும் அவள் கணவர் ரங்கநாதனும்.

போன வியாழக்கிழமை மத்தியானம் வேணி ஒரு பழைய பெட்ஷீட்டில் எதையோ சுற்றி, இடுப்பில் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்தாள்.

"மிஸ், இதைக் கொஞ்சம் உள்ள வெச்சுக்கோங்கோ. அவர் கோவிலுக்குப் போயிருக்கார். வர்றதுக்குள்ள."

"என்னங்க இது?"

"குக்கர்."

"இதைத்தானே பெட்டியில வச்சு எடை பார்த்தாருன்னு காலைல சொன்னீங்க?"

"ஆமா. எடுத்துட்டேன். அதுக்குப் பதிலா ஒரு ஜோடி ஷூவும் மழைக்கோட்டும் வெச்சுட்டேன். எடை சரியா இருக்கு."

அன்றைக்கு ராத்திரி அவர்களுக்கு விமானம். அயர்லாந்துக்கு.

2

முதல் வரி எப்படி வைப்பது என்று மூன்று நாளாக மல்லுக்கட்டினேன். கழித்துப் போட்டவை இதோ. ஒளிக்க எனக்கு ஒன்றும் இல்லை.

கில்கென்னி நகரத்தின் பழைய கற்சுவர்களின் மேல் மழை மெல்லத் தூறிக்கொண்டிருக்க, நோர் நதிக்கரையில் கோட்டை—

[சீ. சுற்றுலாத் துறைக்காரன் எழுதுகிற வரி. அதோடு நான் அங்கே போனதும் இல்லை. என் பாஸ்போர்ட்டில் வேளாங்கண்ணிக்கே முத்திரை கிடையாது.]

வேணிக்குச் சிறுவயது முதலே பயணம் என்றால்—

[பொய். அவளுக்குச் சிறுவயதில் திருவானைக்காவல் தாண்டிப் போக வழியில்லை. ஆசை எப்போது வந்தது என்று அவளுக்கே தெரியாது.]

சரி, நேராகவே சொல்கிறேன். மகன் அரவிந்தன் டப்ளினில் வேலை பார்க்கிறான். அப்பா அம்மாவுக்கு டிக்கெட் போட்டான். "எந்த ஊர் பாக்கணும்மா?" என்று கேட்டான். அவளை அந்தக் கேள்வி கேட்ட முதல் ஆள் அவன்தான். அவள் ஒரு வாரம் போனில் தேடிப் பார்த்துவிட்டு, "கில்கென்னி. முதல்ல அங்க. அப்புறம்தான் உன் ஊர்" என்றாள். அவனும் பழைய கல்வீடு ஒன்றில் அறை பிடித்துவிட்டான். காலைச் சாப்பாடு அவர்களே கொடுப்பார்களாம். ஏர்போர்ட்டிலிருந்து நேராகக் கொண்டுபோய் விட்டுவிட்டு, அவன் வேலைக்குத் திரும்பிவிடுவான். திங்கட்கிழமை வந்து கூட்டிப்போவான்.*

அந்த ஊரை வேணி மனப்பாடம் செய்திருந்தாள். என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, காபி டம்ளரைக் கோட்டையாகவும் சர்க்கரை டப்பாவைத் தேவாலயமாகவும் வைத்து வழி சொல்வாள். "இது கோட்டை. இது ஆறு. இங்கேர்ந்து பொடிநடையா வந்தா ஒரு சந்து, ரெண்டு பக்கமும் கைய நீட்டினா சுவர். அந்தக் காலத்துல பொம்மனாட்டிகள் அங்க வெண்ணெய் வித்தாளாம். கடைசில தேவாலயம், பக்கத்துல ஒசரமா ஒரு கோபுரம். உள்ள ஏணிலதான் ஏறணும்."

"உங்க முட்டி என்ன சொல்லுது?"

"முட்டியை யாரு கேட்டா?"

கிளம்புகிற வாரம் முழுக்க அவளுக்கு ஒரே ஒரு வேண்டுதல்தான். அந்த ஊரில் இருக்கும்வரை தான் சமைக்கக் கூடாது. யாரோ வைத்துக் கொண்டுவந்து தர, உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவ்வளவுதான். இந்தக் கதையில் வேறு எதுவும் பணயத்தில் இல்லை. 'இதெல்லாம் ஒரு கதையா' என்று நினைப்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம், வண்டி நிற்கும்.

* அரவிந்தன் இன்னும் இரண்டு பையன்களோடு ஒரே வீட்டில் இருக்கிறான். அங்கே பாத்திரங்களின் பூர்வீகம் யாருக்கும் தெரியாது. முட்டை வெந்த பாத்திரம் எது, பால் காய்ந்த பாத்திரம் எது என்று சொல்ல முடியாது. அதனால் அங்கேயும் குக்கர் வேண்டும். எப்படியும் ரங்கநாதன் எங்கே போனாலும் அது கூடவே போகும்.

3

இப்போது எனக்கு ரங்கநாதன்மேல் சந்தேகம்.

ஆளைப் பற்றி அல்ல, பாத்திரத்தைப் பற்றி. கெட்டவராக எழுதினால் கதை சுலபமாக நடக்கும். ஆனால் மனிதர் கெட்டவர் இல்லை, அதுதான் தொல்லை. பேங்கில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. போன மழைக்கு என் வீட்டு பால்கனியில் தண்ணீர் ஏறியபோது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியோடு வந்து நின்றார். வேணிக்கு ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி வாசலை விட்டு நகரவில்லை.

ஆனால் ஆத்துத் தளிகை, அதாவது வீட்டுச் சமையல், தவிர வேறு எதையும் தொடமாட்டார். வெளியில் பச்சைத் தண்ணீர்கூட யோசித்துத்தான். அது அவர் நம்பிக்கை. அதைப் பழிக்க நான் பேனா எடுக்கவில்லை. அப்படி நினைத்து எனக்குக் கடிதம் எழுத உட்கார்கிறவர்கள் பேனாவை மூடிவிடுங்கள். நான் கேட்பது வேறு. வேணி என்னிடம் கேட்டதையே கேட்கிறேன்.

"அவர் நியமம் அவரோடது மிஸ். வேண்டாம்னு நான் என்னிக்காவது சொன்னேனா? ஆனா நியமம் அவருக்கு, கை மட்டும் என்னோடதா?"

காசிக்குப் போனார்கள், குக்கரும் போனது. துவாரகைக்குப் போனது. சிங்கப்பூரில் ஹோட்டல் அறையில் சாத்தமுது, அதாவது ரசம், கொதித்த ஆவிக்குப் புகை மணி அடித்து, மாடி முழுக்க ஆட்கள் இறங்கி ஓடினார்கள். (கைப்பிடி உருகியது அந்தப் பதற்றத்தில்தான்.) பத்ரியில் எல்லோரும் பனிமலையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது வேணி சத்திரத்து அறையில் பிளக் பாயிண்ட் தேடிக்கொண்டிருந்தாள்.

"மலை எப்படி இருந்ததுன்னு எல்லாரும் கேக்கறா. எனக்கு அந்த ரூம் சுவர்ல இருந்த சுவிட்சு போர்டுதான் ஞாபகம் இருக்கு" என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

4

இந்தப் பகுதியை எழுதாமல் தாண்டிவிடலாமா என்று பார்த்தேன். முடியாது. எழுதித்தான் ஆக வேண்டும்.

வியாழக்கிழமை, குக்கரைக் கையில் வாங்கிக்கொண்டு வராண்டாவிலேயே நின்று கேட்டேன். "இதை ஒளிச்சு வைக்கணும்னா உங்க வீட்டுப் பரண்லயே போட்டிருக்கலாமே? எதுக்கு எங்க வீட்டுக்கு?"

வேணி பெட்ஷீட்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்க."

"பரண்ல வெச்சா திரும்பி வந்து எடுத்துடுவார். அடுத்தது ராமேஸ்வரம்னு சொல்லிண்டிருக்கார். உங்காத்து சமையல்கட்டுக்குள்ள போயிடுத்துன்னா... அப்புறம் தொடமாட்டார்."

ஓஹோ.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஆறடி வராண்டா. அந்தப் பக்கத்திலிருந்து எனக்குப் புளியோதரை வரும், அக்காரவடிசல் வரும், வடை வரும். இந்தப் பக்கத்திலிருந்து வாழைப்பழம் போகும். கிறிஸ்துமஸுக்கு முழு ஆப்பிள் போகும். அடுப்பேறியது எதுவும் போனதில்லை. இத்தனை வருஷமாக அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். வேணி மட்டும் என் கையால் காபி குடிப்பாள். அது எங்களுக்குள்.

"அப்ப அவரு தொடாம இருக்கறதுக்கு என் சமையக்கட்டு உங்களுக்கு வசதியா இருக்கு. அப்படித்தானே வேணி? நல்லா இருக்குங்க நியாயம்."

"மிஸ், நான் அப்படி நினைக்கலை."

"நீங்க நினைக்கல. அவரு நினைக்கிறாரு. அதை வச்சு நீங்க காரியம் சாதிக்கிறீங்க. ரெண்டுக்கும் நடுவுல நான் என்ன, குப்பைத்தொட்டியா?"

அவள் முகம் சிறுத்துப்போய்விட்டது. "எனக்கு வேற வழி தெரியலை மிஸ்."

"வழி தெரியலையா? வாய் இருக்குல்ல? மாட்டேன்னு அவரு மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க."

"சொல்லத் தெரிஞ்சிருந்தா இத்தனை வருஷம் ஆகுமா?"

கீழே ரங்கநாதன் ஸ்கூட்டர் வந்து நிற்கிற சத்தம். வேணி ஓடிவிட்டாள். குக்கர் என் கையில்.

[இங்கே ஒரு பத்தி இருந்தது. அவளை மன்னித்துக் கட்டிப்பிடிப்பதாக. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ராத்திரி அவர்கள் டாக்ஸி ஏறியபோது பால்கனியிலிருந்து கை காட்டினேன். கடுப்போடுதான் காட்டினேன்.]

5

காட்டூரில் இருக்கும் என் தம்பி டோனிக்குப் போன் போட்டுப் புலம்பினேன்.

"இதுக்குப் போய் ஏன்க்கா மண்டையை உடைச்சுக்கிற? அரைக் கிலோ மட்டன் வாங்கி, அதுலயே பிரியாணி போட்டு விட்டுரு. குக்கர் பிரச்சனை முடிஞ்சுது. நானும் வரேன்."

அவனுக்கு எப்போதும் சோற்றிலேயே குறி. ஆனால் யோசித்துப் பார்த்தேன் என்பதை மறைக்கவில்லை. யோசித்துவிட்டு, மேசைமேல் அதை வைத்து எழுத உட்கார்ந்தேன். சமையலறைக்குள் கொண்டுபோகவில்லை. அடுப்பேற்றினால் வேணி ஜெயிப்பாள், நான் தீட்டாவேன். அடுப்பேற்றாமல் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தால் நான் நல்லவளாவேன், அவள் ராமேஸ்வரத்திலும் பிளக் பாயிண்ட் தேடுவாள். இப்படி ஒரு கதாசிரியையை எந்தப் பாத்திரமாவது மாட்டிவிடுமா?

கில்கென்னியில் பெட்டி திறக்கப்படுகிற காட்சியை எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: பெட்டியில் ஷூவைப் பார்த்த ரங்கநாதன் கலங்கிப்போகிறார். மனைவியின் கையைப் பிடித்துக்கொள்கிறார். தானே உப்புமா கிண்டிக் கொடுக்கிறார், அது அடிப்பிடிக்கிறது, இருவரும் சிரிக்கிறார்கள்.

[கிழித்தேன். ஒரு நாள் அடிப்பிடித்த உப்புமா எத்தனை வருஷத்துக்கு ஈடு? பத்திரிகைக்காரர்களுக்கு இந்த உப்புமா ரொம்பப் பிடிக்கும். அவர்களே கிண்டிக்கொள்ளட்டும்.]

முடிவு இரண்டு: அந்தக் கல்வீட்டுக்கார அம்மாள் தங்கமானவள். விஷயம் தெரிந்து தன் சமையலறையையே திறந்து விடுகிறாள். வேணி சாத்தமுது வைக்கிறாள். அந்த அம்மாள் ஒரு வாய் குடித்துக் கண் கலங்குகிறாள். இரண்டு தேசத்துப் பெண்கள் ஒரே அடுப்பு முன்னால்—

[கர்த்தரே! இதுதான் இருப்பதிலேயே மோசம். எல்லோரும் அன்பாகச் சேர்ந்து அவளை மறுபடியும் அடுப்படியில் கொண்டுபோய் விடுகிறார்கள். கத்தியோடு வந்தால் ஓடலாம், கனிவோடு வந்தால் என்ன செய்வாள்?]

முடிவு மூன்று எழுத ஆரம்பித்தபோது போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசைக்குப் போய் வந்து, சாப்பிட்டு, சாயங்காலக் காபிக்குப் பால் வைத்திருந்தேன்.

6

வீடியோ காலில் வேணி. பின்னால் பழுப்புக் கல் கோபுரம் ஒன்று திரை தாண்டி மேலே போகிறது. மழைக்கோட்டு போட்டிருக்கிறாள். மூச்சு வாங்குகிறது.

"ஏறிட்டேன் மிஸ்! உச்சி வரைக்கும்! ஏணி ஒண்ணொண்ணும் செங்குத்தா நிக்கறது. நம்ம மலைக்கோட்டைப் படியெல்லாம் இதுக்கு முன்னாடி ராஜபாட்டை. மேலேர்ந்து ஊரே தெரியறது, ஆறு, கோட்டை, எல்லாம் சர்க்கரை டப்பா மாதிரி..."

எனக்குக் கோபம் பாதி போய்விட்டது. மீதியைப் பிடித்துவைத்துக்கொண்டு, "பெட்டி திறந்தாச்சா?" என்றேன்.

"வந்த அன்னிக்கே திறந்தார். ஷூவை எடுத்து வெளில வெச்சார். என்னையே பாத்தார். குக்கர் எங்கடின்னார்."

"நீங்க?"

"முதல்ல வாய் வரலை. அப்புறம் நீங்க சொன்னது ஞாபகம் வந்துது. சொல்லிட்டேன். பிரான்சி மிஸ் ஆத்துல இருக்கு, நான்தான் குடுத்தேன்னேன். அவர் ராத்திரி, ஆத்துலேர்ந்து கொண்டுவந்த பொரியும் முறுக்கும் சாப்ட்டுப் படுத்துண்டுட்டார்."

இதில் இன்னொரு வேடிக்கை. கதவுக்குப் பின்னால் ஆங்கிலத்தில் ஒரு அட்டை மாட்டியிருந்ததாம். பழைய கட்டடம், மர உத்தரம், அறைக்குள் எந்த அடுப்பும் குக்கரும் கூடாது என்று. ஆக, குக்கர் கில்கென்னிக்குப் போயிருந்தாலும் சும்மாதான் கிடந்திருக்கும். நாங்கள் இரண்டு பேரும் வராண்டாவில் சண்டை போட்டது தண்டம். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"இருங்கோ, இன்னும் இருக்கு. மறுநாள் கார்த்தால அவர் முறுக்கு சாப்பிடறதைப் பாத்துட்டு அந்த வீட்டம்மா விசாரிச்சா. அரவிந்தனுக்குப் போன் போட்டு எல்லாம் தெரிஞ்சுண்டுட்டா. ரொம்ப நல்ல மாதிரி மிஸ். என் சமையல்கட்டை எடுத்துக்கோங்கோ, புதுப் பாத்திரம் இருக்கு, தொடாதது, தாராளமா பண்ணிக்கோங்கோன்னா."

என் முடிவு இரண்டு! அட்சரம் பிசகாமல்! பால் பொங்கி அடுப்பில் வழிகிறது, நான் அசையவில்லை.

"இவருக்கு முகமெல்லாம் மலர்ந்துபோச்சு. பாத்தியா, பெருமாளே வழி விட்டுட்டார்ங்கறார். ரெண்டு பேரும் என்னைப் பாக்கறா. அவ சிரிச்சுண்டு நிக்கறா, ஏப்ரன் வேற கைல வெச்சிருக்கா."

"வேணி... என்ன பண்ணீங்க?"

"எனக்கு அழுகை வந்துடுத்து மிஸ். இவ்வளவு நல்லவாகிட்ட எப்படி மாட்டேங்கறது? அப்புறம் சொல்லிட்டேன். அவகிட்டே இங்கிலீஷ்ல. நோ, தேங்க்யூன்னு. இவர்கிட்டே தமிழ்ல. நான் இங்க தளிகை பண்ண வரலை. ஊர் பாக்க வந்திருக்கேன். குக்கர் இருந்தாலும் பண்ண மாட்டேன், இந்தக் கிச்சன் இருந்தாலும் பண்ண மாட்டேன். வேணும்னா நீங்க பண்ணிக்கோங்கோ, நான் குறுக்க நிக்கலைன்னேன்."

"சத்தமாவா?"

"பக்கத்து டேபிள்காரா திரும்பிப் பாத்தா."

பிறகு அவள் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். ஓட்ஸ் கஞ்சி, பழுப்பு ரொட்டி, வெண்ணெய். மத்தியானம் ஒரு கடையில் சூப்பு கேட்டிருக்கிறாள். கோழி வேகவைத்த தண்ணீரா என்று விசாரித்தாளாம். ஆமாம் என்றார்களாம். அப்படியானால் வேண்டாம் என்றாளாம். உருளைக்கிழங்கையும் முட்டைக்கோஸையும் மசித்து, நடுவில் குழி செய்து வெண்ணெய் உருக்கி ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார்களாம்.

"என் ஆசாரம் எனக்குத் தெரியும் மிஸ். அதை நானே பாத்துப்பேன். தட்டு சூடா வந்து முன்னாடி இறங்கித்து. அடுப்புக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை. அழுதுண்டே சாப்ட்டேன், அந்தப் பொண்ணு பயந்துபோய் நாப்கின் கொண்டுவந்தது."

நானும் அழுதேன். எழுதுகிறவள் அழக் கூடாது என்பார்கள். போங்கள், அழுதேன்.

கடைசியில் வேணி குரலைத் தாழ்த்தினாள். "வராண்டால நான் பேசினது தப்பு மிஸ். அந்தக் குக்கரை நீங்க என்ன வேணா பண்ணுங்கோ. இனிமே எனக்கு அது வேண்டாம்."

7

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். அழகான இடம். கோபுரம், மழை, வெண்ணெய். ஆனால் கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போன். இந்தத் தடவை வீடியோ இல்லை.

"மிஸ், ரங்கநாதன் பேசறேன்."

"சொல்லுங்க சார். ஊர் எப்படி இருக்கு?"

"குளிர். மழை. கோட்டை பிரமாதம்."

"சாப்பாடு?"

"ரொட்டியும் வெண்ணெயும். பெருமாளை சேவிச்சுட்டு எடுத்துண்டேன். சொல்லப்படாது, வெண்ணெய் நன்னா இருக்கு."

"பரவாயில்லையே."

"மிஸ், அந்தக் குக்கர்... தப்பா எடுத்துக்கப்படாது. நீங்க அதுல ஒண்ணும் பண்ணிடலையே? பண்ணலேன்னா வந்து வாங்கிக்கறேன்."

மரியாதையாகத்தான் கேட்டார். எப்போதும் மரியாதைதான். இத்தனை வருஷத்து வாழைப்பழங்களும் ஆப்பிள்களும் என் கண்முன்னால் வரிசையாக வந்து நின்றன.

'பண்ணிட்டேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தொலைந்தது. 'பண்ணலை' என்றால் உண்மை. இரண்டையும் நான் சொல்லவில்லை.

"திருப்பித் தரேன் சார். ஒரே ஒரு கண்டிஷன்."

"சொல்லுங்கோ."

"நீங்க ஊர்லேர்ந்து வந்த அன்னைக்கு எங்க வீட்டுக்கு வாங்க. இதே குக்கர்ல, என் சமையக்கட்டுல, என் கையால வெறும் சாதம் வைக்கிறேன். தயிர் உங்க வீட்டுலேர்ந்தே கொண்டாங்க, சண்டை இல்லை. என் மேசைல உட்கார்ந்து நீங்களும் வேணியும் ஒரு வாய் சாப்பிடுங்க. சாப்பிட்டா குக்கரைக் கையோட எடுத்துட்டுப் போகலாம். அப்புறம் அதுல வைக்கிறது யார்ங்கிறதை வேணிகிட்ட கேட்டுக்குங்க. சாப்பிட முடியாதுன்னா குக்கர் எங்க வீட்டுலயே இருக்கட்டும். ஆனா என் வீட்டுல இருந்ததால கெட்டுப்போச்சுன்னு மட்டும் யாரும் சொல்லக் கூடாது."

அந்தப் பக்கம் மழை பெய்கிற சத்தம் மட்டும் கேட்டது. அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

இனி உங்கள் பாடு. அவர்கள் இன்னும் திரும்பவில்லை. திரும்புகிற அன்று ஆறடி வராண்டாவைத் தாண்டி ரங்கநாதன் வருவாரா, மாட்டாரா? நான் எழுதமாட்டேன். எழுதினால் அவரை நல்லவராக்கிவிடுவேன், அல்லது பழிவாங்கிவிடுவேன், இரண்டிலும் எனக்குக் கை பழகிவிட்டது. நீங்களே முடிவு செய்யுங்கள். அன்றைக்கு நான் அரிசி களையும்போது எத்தனை பேருக்கு என்று சொல்லிவிட்டால் போதும். டோனியைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவன் எப்படியும் வந்துவிடுவான்.

ஆனால் ஒன்று. கில்கென்னியை மட்டும் உங்களிடம் கொடுக்க மாட்டேன். அங்கே உப்புமாவும் வேண்டாம், ஏப்ரனும் வேண்டாம், எவருடைய கனிவும் வேண்டாம். அந்த ஊரில் வேணி சமைக்கவில்லை. கோபுரம் ஏறினாள், தட்டு முன்னால் வந்தது, உட்கார்ந்து சாப்பிட்டாள். அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற உங்களுக்கு உரிமை கிடையாது, எனக்கும் கிடையாது.